காகித ராஜ்யங்களின் பிரஜைகள்

காஜியாபாத் நமக்குத் தொலைவில் இல்லை. தில்லியில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களில் பலர், நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் யமுனைக்கு அப்பால் குடியேறி, அங்கிருந்தே தினமும் ரயிலிலும் மெட்ரோவிலும் ஆபீசுக்கு வந்து போகிறார்கள். அந்த ஊரின் கவிநகரில் 2025 ஜூலை மாதம் உத்தரப் பிரதேசப் போலீசின் சிறப்புப் படை ஒரு வாடகை பங்களாவைச் சோதனை போட்டு ஒருவரைக் கைது செய்தது. பங்களாவில் அயல்நாட்டுக் கொடிகள் பறந்தன. தூதரக எண் பலகை பொருத்திய நான்கு சொகுசுக் கார்கள் நின்றன. உள்ளே 44 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கமும், ராஜதந்திரிகளுக்குரிய பாஸ்போர்ட்டுகள் என்று சொல்லப்படும் 12 புத்தகங்களும், ரப்பர் முத்திரைகளும் அகப்பட்டன. வெஸ்டார்க்டிகா, செபோர்கா, லாடோனியா முதலிய நாடுகளின் தூதர் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டார். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டினார் என்பது போலீசார் கூறும் குற்றச்சாட்டு. அது மெய்யா பொய்யா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்.

நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸில் இந்த நாடுகளைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் இவை வெறும் கற்பனைப் பெயர்களும் அல்ல. இவற்றுக்குக் கொடி உண்டு, தேசிய கீதம் உண்டு, தபால்தலை உண்டு. குடியுரிமைச் சட்டம்கூட உண்டு! மனு எழுதிப் போட்டால் பிரஜையாகலாம்; சில இடங்களில் பணம் கட்டினால் பிரபுவும் ஆகலாம். இப்படித் தாமே தம்மை நாடு என்று அறிவித்துக்கொண்டவற்றை 'மைக்ரோநேஷன்' என்கிறார்கள். நாம் காகித ராஜ்யங்கள் என்று சொல்வோம்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். 'எந்த ஊர்க்காரர், எந்த அடையாள அட்டை, எத்தனை வருஷமாக இங்கே?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் கழிந்தவர்கள். ஆகவே ஓர் இடத்தின் பிரஜை என்றால் என்ன என்ற விஷயத்தை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் காகித ராஜ்யங்களின் விதிகளைச் சற்று நிதானமாகப் பார்த்தால், நம் கையிலிருக்கும் குடியுரிமையின் மதிப்பும் விளங்கும். ஏமாறாமல் இருக்க ஒரு வழியும் தெரியும்.

சிறிய நாடு வேறு, இது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிறியதாக இருப்பது குற்றமில்லை. பசிபிக் கடலில் உள்ள நவ்ரு தீவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். அது 1999-ல் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. ரோமாபுரிக்கு நடுவே இருக்கும் வாத்திகன் 44 ஹெக்டேர்தான். 1929-ல் இத்தாலியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தனி நாடாயிற்று. அங்கே குடியுரிமை பெரும்பாலும் பிறப்பால் வருவதில்லை, உத்தியோகத்தால் வருகிறது. நம்முடைய சர்க்கார் குவார்ட்டர்ஸ் மாதிரிதான். பதவி போனால் குடியுரிமையும் போகும். ஆனால் அந்த 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வாத்திகன் குடியுரிமையை இழந்தவருக்கு வேறு நாடு எதுவும் இல்லாவிட்டால் அவரை இத்தாலி தன் பிரஜையாக ஏற்றுக்கொள்ளும். எவரையும் நடுத்தெருவில் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

ஒரு நாட்டுக்கு வேண்டிய லட்சணங்கள் என்ன? 1933-ல் உருகுவே நாட்டின் மோண்டிவிடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடி எழுதிய ஒப்பந்தம் நான்கு லட்சணங்களைச் சொல்லிற்று. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். காகித ராஜ்யங்களை நிறுவியவர்கள் எல்லோரும் இந்த ஒப்பந்தத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். தங்களிடம் நான்கும் இருக்கின்றன என்று வாதாடுவார்கள். நிலம் என்று ஒன்றைக் காட்டிவிடலாம். அரசாங்கம் என்று நாலு பேருக்கு மந்திரிப் பட்டம் கொடுத்துவிடலாம். இடறும் இடம் முதல் லட்சணம்தான். மக்களை எங்கிருந்து கொண்டுவருவது? அதற்காகத்தான் குடியுரிமை விதிகள் பிறக்கின்றன.

சேர்க்கும் விதிகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது கட்டிய ஒரு கடற்கோட்டை இருக்கிறது. இரண்டு பருத்த கான்கிரீட் தூண்கள், அவற்றின்மேல் ஒரு தளம். நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் அளவுதான் இருக்கும். முன்னாள் ராணுவ மேஜர் ராய் பேட்ஸ் 1967 செப்டம்பர் 2-ஆம் தேதி அதற்கு 'சீலாண்டு' என்று பெயரிட்டுத் தம்மை இளவரசராக அறிவித்துக்கொண்டார். பிறகு அரசியல் சட்டம், நாணயம், பாஸ்போர்ட் எல்லாம் வந்தன. பிரபுப் பட்டமும் விலைக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் 1970-ல் லெனார்ட் கேஸ்லி என்ற விவசாயி, கோதுமை விற்பனைக்குச் சர்க்கார் விதித்த அளவு தம்மை வாட்டுகிறது என்று கோபித்துக்கொண்டு, தம் 75 சதுர கிலோமீட்டர் பண்ணையை 'ஹட் ரிவர்' என்ற தனி நாடாக அறிவித்தார். அங்கே குடியிருந்தவர்கள் அவர் குடும்பமும் சில வேலையாட்களும்தான். பிரஜைகளோ உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சுவீடன் நாட்டில் லார்ஸ் வில்க்ஸ் என்ற ஓவியர் கடலோரக் காட்டில் மரத்துண்டுகளை அடித்துப் பிரம்மாண்டமான சிற்பம் ஒன்றை எழுப்பினார். அதை அகற்றச் சொல்லி அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பதிலாக அவர் 1996-ல் அந்த ஒரு சதுர கிலோமீட்டர் இடத்தை 'லாடோனியா' என்ற நாடாக்கிவிட்டார். யாரும் அங்கே குடியிருப்பதில்லை. பிரஜைகள் எல்லோரும் வேறு வேறு நாடுகளில் வாழும் நாடோடிகள். மனுப் போட்டால் குடியுரிமை இலவசம்.

டான்யூப் நதிக்கரையில் குரோவேஷியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவே இருவருமே உரிமை கோராத 7 சதுர கிலோமீட்டர் நிலம் ஒன்று உண்டு. செக் நாட்டுக்காரரான வீட் யெட்லிச்கா 2015-ல் அதை 'லிபர்லாண்டு' என்றார். அதன் விதி கொஞ்சம் கண்டிப்பானது. குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, பிறர் சொத்தை மதிக்க வேண்டும், நாஜியாகவோ கம்யூனிஸ்டாகவோ இருந்திருக்கக் கூடாது. இலட்சக்கணக்கானவர்கள் பெயர் பதிவு செய்தார்கள் என்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் காலடி வைக்கப் போன தலைவரையே 2015 மே மாதம் குரோவேஷியப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்தக் கூட்டத்தில் நேர்மையான விதி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கெவின் பா என்பவர் தம் வீட்டையும் தோட்டத்தையும் 'மொலோசியா' என்ற குடியரசாக வைத்திருக்கிறார். 'எங்களோடு குடியிருந்தால்தான் பிரஜை. வெளியாருக்குக் குடியுரிமை கிடையாது' என்பது அங்கத்திய சட்டம். பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுகிறார். வரியை அமெரிக்க சர்க்காருக்குக் கட்டிவிட்டு, அதற்கு 'வெளிநாட்டு உதவி' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டிக்கொள்கிறார். விளையாட்டை விளையாட்டாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

மற்றவர்களின் விதிகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சேருகிறவர் என்ன கொடுக்க வேண்டும் என்பது அதில் விவரமாக இருக்கிறது: பெயர், படம், உறுதிமொழி, சில இடங்களில் கட்டணம். சேர்த்துக்கொண்ட நாடு அவருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது என்ற பக்கம் வெற்றுத் தாளாக இருக்கிறது.

கொலோன் நீதிபதிகள் சொன்னது

இந்தக் குடியுரிமைக்குச் சட்டத்தில் பெறுமானம் உண்டா என்ற கேள்வி ஒரு தடவை நீதிமன்றத்துக்கே போயிற்று. ஜெர்மானியர் ஒருவர் 1975-ல் சீலாண்டு குடியுரிமை பெற்றார். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டபடியால் தமது ஜெர்மன் குடியுரிமை போய்விட்டது என்று அறிவிக்கும்படி அவரே வழக்குத் தொடுத்தார். கொலோன் நகர நிர்வாக நீதிமன்றம் 1978 மே 3-ஆம் தேதி தீர்ப்புச் சொல்லிற்று: போகவில்லை.

காரணங்களைத்தான் நாம் படிக்க வேண்டும். தூண்களின்மேல் நிற்கும் தளம் பூமியின் பகுதியல்ல, ஆகவே அது நிலம் ஆகாது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அந்த 'நாட்டின்' பிரஜைகள் என்று 106 பேர் கணக்கில் இருந்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் நீதிபதிகள் தள்ளிவிடவில்லை. இவர்கள் அங்கே சேர்ந்து வாழ்வதற்காகப் போனவர்கள் அல்ல என்று சுட்டிக்காட்டினார்கள். வாழ்க்கைத் தேவைகளுக்கும் பாதுகாப்புக்கும் இவர்கள் வேறு நாட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒத்த ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து அமைக்கும் சங்கம் நாடாகிவிடாது. நல்லதையும் கெட்டதையும் ஒன்றாக அனுபவித்து, ஒரே விதியைப் பகிர்ந்துகொண்டு வாழும் சமூகமே நாடு. தீர்ப்பின் சாரம் இதுதான்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகத்துக்கும் இதில் விடை இருக்கிறது. இந்தியர் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. காகித ராஜ்யத்தின் சான்றிதழை வாங்கினாலும் அப்படி ஆகுமா? நாடே இல்லாதபோது அதன் குடியுரிமையால் எதுவும் வரவும் வராது, போகவும் போகாது என்பதே கொலோன் தீர்ப்பு காட்டும் நியாயம். எனினும் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேறொரு கொடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யும் தாளில் வேடிக்கைக்காகக்கூடக் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. நாளைக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தால் பதில் எழுத வேண்டியவர் அவர்தான். சீலாண்டு இளவரசர் வந்து எழுத மாட்டார்.

நம்பியவர்களின் கதி

'யாரோ சில பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?' என்று சிலர் கேட்கலாம். அவர்கள் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது வாஸ்தவம். அதை மெய் என்று நம்புகிறவன் யார் என்பதுதான் பிரச்சினை. 2002-ல் லாடோனியாவுக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 3,000 பேர் குடியேற மனுச் செய்தார்கள். எங்கே வந்து இறங்குவது, என்ன வேலை கிடைக்கும் என்று விசாரித்தார்கள். மரத்துண்டுச் சிற்பங்கள் மட்டுமே நிற்கும் ஒரு கடற்கரைக்கு! ஓவியர் சட்டத்தைக் கேலி செய்யத் தொடங்கிய காரியம், வேலையில்லாத இளைஞனின் கண்ணுக்கு ஐரோப்பாவின் வாசலாகத் தெரிந்திருக்கிறது. இதைப் படித்துச் சிரிக்க நமக்கு மனம் வராது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புவதாகச் சொன்ன ஏஜெண்டிடம் மனைவியின் தாலிக்கொடியை விற்றுப் பணம் கட்டியவர்கள் நம் தெருக்களிலும் உண்டல்லவா?

சீலாண்டு பாஸ்போர்ட்டின் கதை இன்னும் மோசம். இளவரசர் குடும்பம் கொடுத்தது கொஞ்சம். அதைப் பார்த்துக் கள்ளத்தனமாக அச்சடித்து விற்றவை சுமார் ஒன்றரை லட்சம் என்று அந்தக் குடும்பமே சொல்லிற்று. 1997-ல் தான் கொடுத்தவற்றையும் சேர்த்து எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் ரத்துச் செய்துவிட்டது. காசு கொடுத்தவர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? அந்த நாட்டின் ஹைகோர்ட் எங்கே இருக்கிறது?

ஹட் ரிவரின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் அதை நாடு என்று ஏற்கவில்லை. வரிப் பாக்கி வளர்ந்து ஏறத்தாழ 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை எட்டிற்று. கேஸ்லி 2019-ல் காலமானார். மகன் 2020 ஆகஸ்ட் மாதம் ராஜ்யத்தைக் கலைத்துவிட்டு, கடனை அடைக்க நிலத்தை விற்க முடிவு செய்தார். உலகெங்கும் இருந்த அதன் பிரஜைகள் ஒரே நாளில் நாடிழந்தார்கள். ஒருவர்கூட அகதியாகவில்லை, ஒருவருக்கும் சோற்றுக்குக் குறைவு வரவில்லை. இழந்தால் எதுவும் குறையாத குடியுரிமை, இருந்தபோது என்ன கொடுத்திருக்கும்?

காஜியாபாத் விவகாரத்தில் அடிபட்ட வெஸ்டார்க்டிகாவை 2001-ல் டிராவிஸ் மெக்ஹென்றி என்ற அமெரிக்கர் நிறுவினார். அண்டார்டிகாவில் எந்த நாடும் உரிமை கொண்டாடாத பனிப்பரப்பை அவர் தமதென்றார். 1959-ஆம் ஆண்டு அண்டார்டிக் உடன்படிக்கை, அங்கே புதிதாக யாரும் உரிமை கோருவதைத் தடுக்கிறது. இன்று அந்த அமைப்பு தன்னைச் சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனமாகவே சொல்லிக்கொள்கிறது. கைதானவர் நன்கொடை கொடுத்ததால் கௌரவப் பதவி தந்தோம்; தூதராகச் செயல்பட அதிகாரம் தரவில்லை என்று அது கையை விரித்துவிட்டது. கௌரவப் பதவியை வாரி வழங்கும்போது, அதை ஏழை நாட்டில் ஒருவர் எப்படிப் பயன்படுத்தக்கூடும் என்று யோசித்திருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் பிறந்தவர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். திருவண்ணாமலையைச் சேர்ந்த நித்யானந்தா, கர்நாடகத்தில் தம்மீது பாலியல் வன்முறை வழக்கு நிலுவையில் இருக்கையில் 2019-ல் நாட்டை விட்டு வெளியேறினார். பிறகு 'கைலாசா' என்ற நாட்டை நிறுவியதாக அறிவித்தார். கணினி வழியே குடியுரிமை இலவசம் என்றார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகராட்சி அதனோடு சகோதர நகர ஒப்பந்தம் செய்து, அப்படி ஒரு நாடே இல்லை என்று தெரிந்ததும் சில நாட்களிலேயே ரத்துச் செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பராகுவே நாட்டில் உயர் அதிகாரி ஒருவர் அதன் பிரதிநிதிகளோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வேலையை இழந்தார். அதிகாரிகளே ஏமாறும்போது, சாமானிய பக்தன் ஏமாந்தால் அவனை மட்டும் குறை சொல்ல முடியுமா? ஆன்மிக நம்பிக்கை ஒவ்வொருவரின் சொந்த விஷயம். அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் பக்திக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

ஒரு நியாயமான ஆட்சேபம்

இவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. 'எல்லா நாடுகளும் என்றோ ஒரு நாள் யாரோ சிலர் அறிவித்துக்கொண்டவைதானே? 1776-ல் அமெரிக்கர்கள் அறிவிக்கவில்லையா? பெரிய நாடுகளும் குடியுரிமையை விற்கவில்லையா?' என்று கேட்கிறார்கள்.

விற்பது உண்மைதான். கரீபியக் கடலிலுள்ள செயிண்ட் கிட்ஸ் நாடு 1984 முதல் முதலீட்டுக்குக் குடியுரிமை தருகிறது. ஐரோப்பாவில் மால்டா அப்படித் தந்து வந்தது. அது ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்துக்குக் குடியுரிமை கொடுப்பது நமக்கும் உவப்பானதல்ல. ஆயினும் வித்தியாசம் இருக்கிறது. செயிண்ட் கிட்ஸ் பிரஜையை உலகம் முழுவதும் விரட்டினாலும், செயிண்ட் கிட்ஸ் விமான நிலையம் அவரை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு கதவு அவருக்குச் சாத்தப்படாது.

எந்தக் குடியுரிமையையும் இந்த ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம். உலகமெல்லாம் 'வெளியே போ' என்றால், 'உள்ளே வா' என்று சொல்லக் கடமைப்பட்ட வாசல் எது? சீலாண்டுக்கும் லாடோனியாவுக்கும் கைலாசாவுக்கும் அப்படி ஒரு வாசல் இல்லை. வாத்திகன் உடன்படிக்கை எழுதியவர்கள் இதை யோசித்துத்தான், பதவி இழந்தவருக்கு இத்தாலியின் கதவைத் திறந்து வைத்தார்கள்.

வாழ்வு இருந்தது, காகிதம் இல்லை

இதற்கு நேர் எதிரான கொடுமையைத் தமிழர்கள் அனுபவித்திருக்கிறார்கள். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களை, 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. அவர்களில் மிகப் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியது அவர்கள் பாட்டன்மார். சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து செத்தார்கள். கொலோன் நீதிபதிகள் கேட்ட அத்தனை லட்சணமும் அவர்களிடம் இருந்தது. இல்லாதது பாட்டன் பிறந்த அத்தாட்சிக் காகிதம் ஒன்றே.

1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரு சர்க்கார்களும் கணக்குப் போட்டன. மூட்டை கட்டி அனுப்பும் சரக்கைப் போல மனிதர்களைப் பங்கிட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர இலங்கை நாடாளுமன்றம் 2003-ல் ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருஷம்!

ஒரு பக்கம் வாழ்வே இல்லாத காகிதம், கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் காகிதமே இல்லாத வாழ்வு. மூன்று தலைமுறை மன்றாடியும் கிடைக்கவில்லை. காகித ராஜ்யக்காரர்கள் குடியுரிமையை விளையாட்டுப் பொருளாக்கும்போது நமக்கு எழும் மனத்தாங்கலுக்கு இதுதான் காரணம். அது இல்லாமல் தவித்த ஜனங்களின் உறவினர்கள் நாம்.

நம் கையிலுள்ள உரிமை

நம்முடைய அரசியல் சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒரே குடியுரிமைதான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு உண்டு. இங்கே தமிழ்நாட்டுப் பிரஜை, தில்லிப் பிரஜை என்ற பிரிவு கிடையாது. நாட்டின் எந்தப் பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை 19-ஆவது ஷரத்து தந்திருக்கிறது. 'நீ மதராசி, உன் ஊருக்குப் போ' என்று எவராவது சொன்னால், அவர் அரசியல் சட்டத்தைப் படிக்காதவர் என்று அர்த்தம். நாம் இங்கே விருந்தாளிகள் அல்ல.

ஆனால் ஏட்டில் உள்ள உரிமை இடுப்பில் முடிந்த காசாக வேண்டுமானால் அத்தாட்சி வேண்டும். 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புராவில் மதராசி முகாம் ஹைகோர்ட் உத்தரவின்படி இடிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. பல பத்தாண்டுகளாக நம் ஜனங்கள் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து வாழ்ந்த சுமார் 370 குடிசைகள் அங்கே இருந்தன. நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். தகுதியைத் தீர்மானித்தவை தஸ்தாவேஜுகள். எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நெஞ்சறிய அதே இடத்தில் வாழ்ந்தவர்களை, தாளில் இல்லை என்று கழித்துவிட முடிகிறது. மலைநாட்டில் பெரிய அளவில் நடந்தது, இங்கே ஒரு வாய்க்கால் கரையில் சிறிய அளவில் நடந்திருக்கிறது. சர்க்காருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: வாழ்ந்ததே முதல் அத்தாட்சி; அண்டை அயலாரின் சாட்சியத்துக்கும், பிள்ளை படித்த பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கும் மதிப்புக் கொடுங்கள்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. விலாசம் மாறியவர்கள் 8-ஆம் எண் படிவத்தைக் கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் ரேஷன் கார்டு ஊரில் இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தின்படி இங்கேயே அரிசியும் கோதுமையும் வாங்கலாம். பலருக்கு இது தெரியாது. பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழை அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், அவர் மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் முதற்கொண்டு அந்தப் பதிவு கட்டாயம். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைகிரேட்' பட்டியலில் பெயர் இருக்கும். காரில் நீலப் பலகையும் வீட்டில் கொடியும் இருப்பது அத்தாட்சியாகாது. நாட்டின் பெயர் புதிதாக இருந்தால், அந்த நாட்டுக்கு சாணக்கியபுரியிலோ சுற்றுவட்டாரத்திலோ வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த தூதரகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அரை நாள் லீவு போனாலும் போகட்டும், நகை மிஞ்சும்.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்வது கூலித் தொழிலாளிக்குக் கஷ்டம். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போகிறது. இங்கேதான் நம் சங்கங்கள் முன்வர வேண்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் வேண்டியவைதான். அவற்றோடு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவர்கள் நாலு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தால் என்ன? மனு எழுதுவதும் நகல் எடுத்துக் கோப்பில் வைப்பதும் நமக்குக் கைவந்த கலை அல்லவா? சந்தா கட்ட முடியாதவர் என்பதற்காக எவரையும் வாசலோடு அனுப்பாதீர்கள். உறுப்பினர் பட்டியல் நீளமாக இருப்பதில் ஒரு சங்கத்துக்குப் பெருமை இல்லை. கஷ்டத்தில் வந்து நின்றவருக்கு என்ன செய்தது என்பதை வைத்துத்தான் சங்கமும் நாடும் எடைபோடப்படும்.

காகித ராஜ்யத்தில் பிரபுவாக இருப்பதைவிட, இந்தத் தலைநகரின் வாக்காளர் பட்டியலில் ஒரு வரியாக இருப்பது மேல். அந்த வரியில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.